அலமாரி, பீரோ, அந்துருண்டை: பழைய பெட்டகங்களின் கதை

1/ "டாக்டர், பழைய தேக்கு பீரோ ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமா?" இது மருத்துவர்கிட்ட கேக்குற கேள்வியான்னு தோணும். ஆனா பதில்ல பாதி வரலாறு, பாதி மருத்துவம். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க மக்களே.

2/ முதல்ல பெயரைப் பார்ப்போம். அலமாரி தமிழ்ச்சொல் இல்லை. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த 'அர்மாரியோ'. அதற்கும் மூலம் லத்தீன் 'அர்மாரியம்', அதாவது ஆயுதம் வைக்கும் பெட்டகம். சாவி, ஜன்னல், மேசை எல்லாம் அதே கப்பலில் வந்து இறங்கிய சொற்கள்தான்.

பீரோ பிரெஞ்சுக்காரர் தந்தது. 'பூர்' என்பது முரட்டுக் கம்பளித் துணி. அதை விரித்த எழுதும் மேசை 'பூரோ' ஆனது. ஐரோப்பாவில் அந்தச் சொல் அலுவலகத்தைக் குறிக்கப் போய்விட்டது. நம்ம ஊரில் பட்டுப்புடவையும் நகையும் வைக்கும் இடமாகிவிட்டது!

3/ அப்படியானால் அதற்கு முன்னால் நம் வீடுகளில் பொருள் எங்கே இருந்தது? நெல்லுக்குக் குதிர், பத்தாயம். தயிருக்கு உறி. விளக்குக்கு மாடம். வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் பாத்திரத்துக்குப் பரண். துணிக்கும் நகைக்கும் மரப்பெட்டி. பேழை, பெட்டகம் என்ற பழைய சொற்கள் நம்மிடம் இருந்தன. ஆனால் கதவு வைத்து, நிமிர்ந்து நிற்கும் பெட்டகம் பெரும்பாலான வீடுகளுக்குப் பிற்காலத்தில்தான் வந்தது.

4/ அணுபுரம், கல்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வரலாறு பக்கத்து ஊர் சமாச்சாரம். சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போயிருப்பீங்க. 17ஆம் நூற்றாண்டிலிருந்து டச்சுக்காரர்களின் வணிகத் தளம். மஸ்லின் துணி ஏற்றுமதிக்குப் பெயர் போன இடம். உள்ளே பண்டகசாலைகளும் கல்லறைகளும் இன்னும் நிற்கின்றன. 1781இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1824 ஒப்பந்தத்துக்குப் பிறகு டச்சு ஆதிக்கம் முழுசா முடிந்தது.

5/ அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையில் துணி மட்டும் நெய்யவில்லை. கருங்காலி மரத்தில் நுணுக்கமாகச் செதுக்கிய நாற்காலிகளும் பெட்டகங்களும் டச்சு, ஆங்கிலேய வணிகர்களுக்காகவே செய்யப்பட்டன.

இதில் ஒரு சுவாரசியம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் என்ற பிரபு, பழம்பொருள் ரசனைக்குப் பேர் போனவர். இந்தக் கருங்காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, டியூடர் மன்னர் காலத்து இங்கிலீஷ் பொருள் என்று நம்பி வாங்கித் தன் மாளிகையை அலங்கரித்தார். உண்மையில் அவை இந்தக் கடற்கரைத் தச்சர்களின் கைவேலை!

அவருக்கே அந்தக் கதி என்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடையில் "இது 200 வருஷப் பீஸ் சார்" என்று சொல்லும்போது நாம எவ்வளவு உஷாரா இருக்கணும்?

6/ இன்று தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் நல்ல மரச்சாமான்களின் பெரிய ஊற்று செட்டிநாடு. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா நெல்லுக்கு உலகச் சந்தை கிடைத்தது. அந்த விவசாயத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். வட்டியோடு சேர்ந்து பர்மா தேக்கும் கப்பலேறி வந்தது. தூண், கதவு, அலமாரி எல்லாம் அந்தத் தேக்குதான்.

7/ பிறகு 1930களின் பொருளாதார மந்தம். 1942இல் ஜப்பான் படையெடுப்பு. 1960களில் பர்மாவில் தேசியமயம். வருமானம் நின்றது. பெரிய வீடுகள் பல பங்காளிகளுக்குப் பிரிந்தன. பராமரிக்க முடியாதபோது சாமான்கள் வெளியே வந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் அப்படி வளர்ந்தவைதான்.

நீங்க பேரம் பேசி வாங்கும் அந்த அலமாரி, ஒரு காலத்தில் யாரோ ஒரு ஆச்சி சீராகக் கொண்டுவந்ததாக இருக்கலாம். அதை மறக்காம வாங்குங்க.

8/ அடுத்தது இரும்பு. பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பூட்டுத் தொழில் தொடங்கினார். 1923இல் இரும்பு அலமாரி வந்தது. கரையான் ஏறாது, எலி கடிக்காது, பூட்டு திறக்காது. அதனால் கல்யாணச் சீர் வரிசையில் மரப்பெட்டியின் இடத்தை இரும்பு பீரோ பிடித்தது. கடலோரத்தில் மட்டும் அதற்கு ஒரு எதிரி: உப்புக்காற்று. நம்ம பக்கம் பழைய இரும்பு பீரோ வாங்கினால் முதலில் அடித்தட்டையும் கால்களையும் தடவிப் பாருங்க. மேலே புது பெயின்ட், உள்ளே துரு என்பது சகஜம்.

9/ இனி மருத்துவம். முதலில் வலை அலமாரி. ஃபிரிட்ஜ் வருவதற்கு முன் பால், தயிர், குழம்பு வைக்கும் கம்பிவலை போட்ட மர அலமாரி. ஈ உள்ளே போகாது, காற்று போகும். அருமையான யோசனை. எறும்பு ஏறாமலிருக்க நான்கு காலுக்கும் நான்கு கிண்ணத்தில் தண்ணீர்.

அந்தக் கிண்ணம்தான் ஏடிஸ் கொசுவுக்குப் பிரசவ வார்டு. டெங்குவைப் பரப்புவது இந்தக் கொசு என்று ஆஸ்திரேலிய மருத்துவர் பேன்கிராஃப்ட் 1906இல் எழுதினார். பிறகு ஆசிய நாடுகளில் வீடு வீடாகப் புழு தேடியவர்களுக்கு, குடம், தொட்டி, பூந்தொட்டித் தட்டோடு இந்த எறும்புக் கிண்ணமும் திரும்பத் திரும்பச் சிக்கியது.

10/ இப்போ 'விண்டேஜ்' என்று வலை அலமாரி மறுபடி சமையலறைக்கு வருது. தாராளமா வாங்குங்க. கிண்ணம் வைத்தால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்க. தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

11/ இரண்டாவது, அந்துருண்டை. நாஃப்தலின். பாட்டி பீரோ திறந்ததும் வருமே ஒரு வாசனை, அதுதான். நமக்கு நினைவுகளைக் கிளறும். ஆனால் சில குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்கள் உண்டு. இந்தியாவிலும் இருக்கிறார்கள். ஆண் குழந்தைகளில் அதிகம். அந்துருண்டை தின்ற குழந்தைகளுக்குக் கடும் ரத்தச் சிதைவு வந்ததை 1949இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரமாகப் பதிவு செய்தார்கள். காரணமான நொதிக் குறைபாடு 1956இல் தெரியவந்தது. அதுவும் பிரைமாகுயின் என்ற மலேரியா மாத்திரை பற்றிய ஆராய்ச்சியில்!

12/ தின்றால் மட்டும்தானா? இல்லை. பச்சிளம் குழந்தைக்கு வாசனையே போதும். பீரோவில் வருஷக்கணக்கில் அந்துருண்டையோடு இருந்த பழைய பருத்திப் புடவையைக் கிழித்து அப்படியே குழந்தையைச் சுற்றுவது நம்ம வழக்கம். குறைபாடுள்ள குழந்தையாக இருந்தால் மஞ்சள் காமாலை வேகமாக ஏறும். கட்டுமீறினால் மூளையைப் பாதிக்கும்.

அதனால், பிறந்த குழந்தையின் துணி இருக்கும் பீரோவில் அந்துருண்டை வேண்டாம். பழைய துணியைத் துவைத்து, வாசனை போகும்வரை நல்ல வெயிலில் காயப்போட்ட பிறகே பயன்படுத்துங்க. கண், தோல் மஞ்சளானாலோ, பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. "அந்துருண்டை வாசனை பட்டது" என்பதையும் மறக்காமல் சொல்லுங்க.

13/ மூன்றாவது, பெயின்ட். பச்சை, நீலம், வெள்ளை அடித்த பழைய அலமாரிகள். உரிந்த நிலையிலேயே அழகு என்று வாங்குகிறார்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உதிர்ந்த சில்லையோ தூசியையோ தவழும் குழந்தை வாயில் போடும். ரத்தசோகை, படிப்பில் பின்தங்குதல், நடத்தை மாற்றம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று ஈயத்துக்குக் கிடையாது.

உப்புத்தாள் போட்டு வீட்டுக்குள்ளேயே தேய்க்காதீங்க. வெளியே, ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்க. கர்ப்பிணியும் குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம்.

14/ நான்காவது, எடை. பழைய தேக்கு அலமாரி சாய்ந்தால் இரண்டு பேர் சேர்ந்தும் பிடிக்க முடியாது. குழந்தை இழுப்பறையைப் படியாக்கி ஏறும். ஆகவே சுவரோடு எல் கிளாம்ப் போட்டுப் பிணையுங்க. தச்சருக்கு அரை மணி நேர வேலை.

அதேபோல் பெரிய மரப்பெட்டி. அமெரிக்காவில் ஒரு கம்பெனி 1912 முதல் 1987 வரை செய்த சுமார் 1.2 கோடி தேவதாரு மரப்பெட்டிகளின் பூட்டை மாற்ற 1996இல் அறிவிப்பு வந்தது. மூடி விழுந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஒளிந்து விளையாடிய குழந்தைகள் உள்ளே மூச்சுத்திணறி இறந்திருந்தார்கள். பழைய பெட்டி வாங்கினால் தானாக விழும் கொக்கியை முதல் நாளே கழற்றிவிடுங்க.

15/ வாங்கும்போது பார்க்க வேண்டியவை, சுருக்கமாக:

• முன்பக்கத்தை விடுங்க, பின்பக்கத்தையும் அடியையும் பாருங்க. பின்னால் பிளைவுட் இருந்தால், ஒன்று அது பழசில்லை அல்லது மாற்றப்பட்டது.
• இழுப்பறையை வெளியே எடுங்க. மூலைகள் விரல் கோத்த மாதிரி, கொஞ்சம் ஏறுக்கு மாறாக இருந்தால் கைவேலை. ஒரே அளவாக இருந்தால் மெஷின்.
• சின்ன ஓட்டை, கீழே மாவு போல் மரத்தூள் இருந்தால் வண்டு இன்னும் உள்ளேதான். சரிசெய்யாமல் வீட்டுக்குள் ஏற்றாதீங்க.
• இடுக்குகளில் டார்ச் அடிங்க. மூட்டைப்பூச்சி சாப்பாடில்லாமல் பல மாதம் இருக்கும்.
• யானைத் தந்த வேலைப்பாடு இருந்தால் தொடவே வேண்டாம். தந்தம் விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம்.
• 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பும் திட்டம் இருந்தால் முதலில் விசாரியுங்க.

முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை சுற்றி வாங்க. கண்ணுக்குப் பழக்கம் வரும், கடைக்காரர் பேச்சு எடுபடாது.

16/ ஆக, வாங்கலாமா? வாங்கலாம். நல்ல தேக்கு அலமாரி, சரியாகப் பார்த்துக்கொண்டால் உங்க பேரப்பிள்ளை காலத்துக்கும் நிற்கும். வெயிலில் வைத்து, துடைத்து, சுவரில் பிணைத்து, அந்துருண்டைக்குப் பதில் வேப்பிலையோ வசம்போ போட்டு வையுங்க.

வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருப்பவர்களுக்கு 12ஆவது பதிவை மட்டுமாவது அனுப்பிவிடுங்க.