கள்ளக்குறிச்சியின் வான்வழித் தொலைவுகள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பயணிகள் வானூர்தி நிலையம் எதுவும் இல்லை. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தினர் வான்வழிப் பயணத்திற்குச் சேலம், புதுச்சேரி, திருச்சிராப்பள்ளி, சென்னை ஆகிய நிலையங்களைச் சார்ந்துள்ளனர்.

நேர்கோட்டுத் தொலைவு

இரு இடங்களுக்கிடையிலான வான்வழித் தொலைவு, அவற்றின் அகலாங்கு, நெட்டாங்குகளைக் கொண்டு புவிப்பரப்பின் மீதான மிகக் குறுகிய வளைகோட்டின் நீளமாகக் கணக்கிடப்படுகிறது. இதன்படி கள்ளக்குறிச்சி நகரிலிருந்து ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் நிலையமும், இலாசுப்பேட்டையில் உள்ள புதுச்சேரி நிலையமும் ஏறத்தாழ ஒரே தொலைவில், அதாவது 95 முதல் 100 கி.மீ.க்குள் அமைகின்றன. முன்னது மேற்கிலும் பின்னது கிழக்கிலும் உள்ளன. திருச்சிராப்பள்ளி சுமார் 110 கி.மீ., சென்னை சுமார் 190 கி.மீ. ஆகும். சாலைவழியில் சென்னை ஏறத்தாழ 250 கி.மீ. வருகிறது.

அண்மையில் இருப்பதால் மட்டும் ஒரு நிலையம் பயன்படுவதில்லை. உடான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச்சில் தொடங்கிய சேலம்–சென்னைச் சேவை 2021இல் நின்றது. 2023 அக்டோபரில்தான் சேலத்திலிருந்து மீண்டும் வானூர்திகள் பறந்தன. புதுச்சேரியிலும் 2024 மார்ச்சில் நின்ற சேவை அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

பயண நேரம்

சேலம்–சென்னை வான்வழித் தொலைவு சுமார் 265 கி.மீ.; பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி. இவ்விரு நிலையங்களை இணைக்கும் நேர்கோடு கல்வராயன் மலைக்கும் ஜவ்வாது மலைக்கும் இடையே செல்கிறது. ஆயினும் கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை செல்பவருக்கு இதனால் பயனில்லை. முதலில் எதிர்த்திசையில் சேலம் செல்லவேண்டும். புறப்பாட்டிற்கு முன்னரே அங்கு இருக்கவும் வேண்டும். அதற்குள் பேருந்து பாதி வழியைக் கடந்துவிடும்.

வெளிநாடு செல்வோருக்குத் திருச்சிராப்பள்ளியே வசதியானது. அங்கிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கி.மீ.; நேரடி வானூர்தியில் சுமார் நான்கு மணி நேரம். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. எனவே கடிகாரக் கணக்கில் செல்லும்போது ஆறரை மணியும் திரும்பும்போது ஒன்றரை மணியும் கழிந்ததாகத் தோன்றும். அட்டவணையில் தரப்படுபவை உள்ளூர் நேரங்கள் என்பதை அறியாதோர் குழம்புவதுண்டு.

கல்வராயன் மலை

மலைவாழ் மக்களுக்கு நேர்கோட்டுத் தொலைவு சிறிதும் பொருந்துவதில்லை. கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலை வளைந்து செல்வது. உட்கிராமங்கள் பலவற்றுக்கு நல்ல சாலைகூட அமையவில்லை. நோயாளியை முதலில் சாலை வரை கொண்டுசேர்ப்பதே பெரும்பாடு. மலைமக்களின் வாழ்வாதாரம் குறித்து 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தபோது சாலை வசதியும் விவாதிக்கப்பட்டது.

சமவெளியிலும் தொலைவு உயிர்ப்பிரச்சினையாவதுண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது பாதிக்கப்பட்டோர் பலர் சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களுக்கு ஆம்புலன்சுகளில் சாலைவழியே அனுப்பப்பட்டனர்.

உளுந்தூர்பேட்டை ஓடுதளம்

மாவட்டத்திற்குள்ளேயே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்த ஓடுதளம் ஒன்று உளுந்தூர்பேட்டையில் உள்ளது. போருக்குப்பின் இது கைவிடப்பட்டது. இதனை மீண்டும் பயன்படுத்துவது பற்றி அவ்வப்போது பேசப்பட்டாலும் பயணிகள் சேவை ஏதும் தொடங்கப்படவில்லை.