விளையாட்டு டைனோசருக்கு இறகு எங்கே?

சென்ற கோயில் திருவிழாவில் தங்கையின் மகனுக்கு ஒரு டைனோசர் வாங்கிக் கொடுத்தேன். ஒரு சாண் நீளமான பிளாஸ்ரிக் பொம்மை. சாம்பல் பச்சை நிறம், திறந்த வாய், பின்கால்களில் நிற்கிறது. பெட்டியில் பெயர் எதுவும் இல்லை. காலில் அரிவாள் போன்ற பெரிய நகம் ஒன்று இருந்ததால் வெலோசிராப்டர் என்று எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் அவன் கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய படப்புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தான். அதில் இருந்த வெலோசிராப்டர் உடம்பெல்லாம் இறகோடு, கிட்டத்தட்ட ஒரு பருந்தைப் போல நின்றது.

"மாமா, இதுக்குச் செட்டை எங்கை? புத்தகம் பொய்யோ, இது பொய்யோ?"

அவனுக்குச் சரியாகப் பதில் சொல்லவேண்டும் என்று தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், வெலோசிராப்டர் விடயத்தில் பொம்மைதான் பிழை. ஆனால் எல்லா டைனோசருக்கும் இறகு ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் பிழை.

டைனோசர்கள் 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அழிந்தன. மிஞ்சியவை பெரும்பாலும் எலும்புகளே. எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு தோலையும் முகத்தையும் நிறத்தையும் சொல்வது எவ்வளவு கடினம் என்று எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதனால் நூறு வருடங்களுக்கு மேலாக ஓவியர்களும் பொம்மை செய்தவர்களும் தெரிந்த விலங்குகளைப் பார்த்தே தெரியாததை நிரப்பினார்கள். முதலை, பல்லி, உடும்பு என்பவையே மாதிரிகள். செதில் உடம்பும் நிலத்தில் இழுபடும் வாலும் அப்படி வந்தவைதான்.

இத்தனைக்கும் துப்பு ஒன்று மிக முன்னரே கிடைத்திருந்தது. 1861 இல் ஜேர்மனியின் சொல்ன்ஹோபன் பகுதிச் சுண்ணாம்புக் கல்லில் ஒற்றை இறகு ஒன்றின் பதிவு கிடைத்தது. பின்னர் இறகுகளோடு கூடிய முழு உடல்களும் வந்தன. ஆர்க்கியொப்டெரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். பறவையின் இறகு, ஆனால் பல்லும் எலும்புள்ள நீண்ட வாலும் கொண்ட உயிரினம். டார்வினின் நூல் வெளிவந்து இரண்டே வருடங்கள் ஆகியிருந்த நேரம் அது. பறவைகளுக்கும் டைனோசர்களுக்கும் உறவு உண்டு என்று தோமஸ் ஹக்ஸ்லி அப்போதே வாதிட்டார். அந்தக் கருத்து பின்னர் நெடுங்காலம் ஓரங்கட்டப்பட்டது. 1960களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் ஒஸ்ட்ரொம் டைனோனிக்கஸ் என்ற விலங்கை விவரித்தார். பிறகு அதன் கை எலும்புகளை ஆர்க்கியொப்டெரிக்ஸோடு ஒப்பிட்டுப் பறவை உறவை மறுபடியும் மேசைக்குக் கொண்டுவந்தார்.

கண்ணால் பார்க்கக்கூடிய சான்று 1996 இல்தான் வந்தது. சீனாவின் லியாவோநிங் மாகாணத்தில் ஒரு விவசாயி, தட்டையான கல் ஒன்றைப் பிளந்தபோது உள்ளே சிறிய டைனோசர் ஒன்று இருந்தது. கல் இரண்டாகப் பிளந்ததால் பாதி ஒரு நிறுவனத்துக்கும் மறுபாதி இன்னொரு நிறுவனத்துக்கும் போனது. கழுத்திலிருந்து வால் வரை முதுகோரமாக மெல்லிய இழைகளின் கரிய பதிவு. சைனோசோரொப்டெரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் புகைப்படம் அந்த வருடமே நியூயோர்க்கில் நடந்த தொல்லுயிரியலாளர் மாநாட்டில் கைமாறிச் சென்றது. அங்கே அதைப் பார்த்தவர்களில் ஒஸ்ட்ரொமும் ஒருவர். கால் நூற்றாண்டாகத் தான் சொல்லிவந்ததை அவர் அன்று ஒரு புகைப்படத்தில் கண்டார்.

லியாவோநிங்கில் இப்படிக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. சுமார் பன்னிரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே ஏரிகளும் எரிமலைகளும் இருந்தன. ஏரியில் விழுந்து இறந்த உயிர்களை நுண்ணிய சேறும் எரிமலைச் சாம்பலும் மூடின. மாவு போன்ற அந்தப் படிவில் எலும்பு மட்டுமல்ல, இறகும் மயிரும் கூடப் பதிந்தன. மணற்கல்லில் இது நடக்காது. ஆகவே ஓர் இடத்து எலும்பில் இறகு இல்லை என்பதற்காக அந்த விலங்குக்கே இறகு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. வெறும் கல் அதைக் காட்டாமல் விட்டிருக்கலாம்.

எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவை இறகின் முன்னோடிகள் அல்ல, தோலுக்கடியில் இருந்த நார்கள் அழுகிச் சிதறிய அடையாளம் என்று சிலர் வாதிட்டார்கள். அந்த வாதத்துக்கு வலுவான பதில் 2010 இல் நுண்நோக்கியின் வழியாக வந்தது. இறகுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசோம் என்ற நுண்பொருட்கள் அந்த இழைகளுக்குள் இருந்தன. இன்றைய பறவைகளில் நீள்வடிவ மெலனோசோம் கறுப்பு, சாம்பல் நிறங்களோடும் உருண்டையானது செம்பழுப்போடும் தொடர்புடையது. சைனோசோரொப்டெரிக்ஸின் வாலில் இருந்தவை உருண்டையானவை. ஆகவே அதன் வால் செம்பழுப்பும் வெள்ளையுமாக வரிவரியாக இருந்தது என்று பிறிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து அறிவித்தார்கள். மைக்ரோராப்டர் என்ற நான்கு சிறகுச் சிறு டைனோசர், காகத்தைப் போல மினுங்கும் கறுப்பு என்பது 2012 இல் தெரிந்தது. பொம்மைக்கு எந்தப் பச்சையும் பூசலாம் என்ற காலம், சில இனங்களைப் பொறுத்தவரையாவது, முடிந்துவிட்டது.

இனி எங்கள் வெலோசிராப்டருக்கு வருவோம். இது மொங்கோலியாவின் கோபி பாலைவனத்து விலங்கு. 1924 இல் பெயரிடப்பட்டது. உயரத்தில் ஒரு வான்கோழி அளவு. ஜுராசிக் பார்க் படத்தில் மனித உயரத்தில் வந்து குசினிக் கதவைத் திறப்பது உண்மையில் டைனோனிக்கஸின் உருவத்தை ஒட்டியது. பெயர் மட்டும் வெலோசிராப்டரினுடையது. கோபியின் மணலில் இறகு பதியவில்லை. ஆனால் 2007 இல், ஒரு வெலோசிராப்டரின் முன்கை எலும்பில் ஒரே இடைவெளியில் ஆறு சிறு முடிச்சுகள் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்றைய பல பறவைகளில் சிறகின் பெரிய இறகுகள் எலும்போடு பிணையும் இடத்தில் இதே முடிச்சுகள் இருக்கின்றன. இறகு போய்விட்டது, அது கட்டப்பட்டிருந்த இடம் எலும்பில் இருக்கிறது.

படம் வந்தது 1993 இல். சீனக் கல் பிளந்தது மூன்று வருடம் கழித்து. ஆகவே முதல் படத்தை நான் பெரிதாகக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் 2015 இல் வந்த ஜுராசிக் வேர்ல்டிலும் இறகு இல்லை. மரபணுவில் இருந்த இடைவெளிகளை வேறு விலங்குகளால் நிரப்பியதால் இவை உண்மையான டைனோசர்கள் போல இல்லை என்று கதைக்குள்ளேயே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். 2022 இல் வந்த அடுத்த படத்தில்தான் சிவப்பு இறகோடு பைரோராப்டர் ஓடியது. பொம்மைக் கம்பனிகள் படத்தின் உரிமத்தை வாங்கிச் செய்பவை. படத்தில் எப்படியோ கடையிலும் அப்படி. திருவிழாக் கடைக்கு வரும் மலிவுப் பொம்மையோ அந்தப் பொம்மையைப் பார்த்துச் செய்தது, அல்லது அதற்கும் முந்திய பழைய அச்சில் வார்த்தது. இறகுள்ள டைனோசர்களை உலகத்துக்குக் காட்டிய சீனாவிலிருந்தே இறகில்லாத பொம்மைகளும் வந்து குவிகின்றன என்பது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது.

கவனமாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சபாரி நிறுவனம் பிற்ஸ்பேர்க் நகரின் கார்னகி நூதனசாலையோடு சேர்ந்து 1988 முதல் 2015 வரை ஒரு வரிசையை வெளியிட்டது. அதில் கடைசியாக வந்தது இறகுள்ள வெலோசிராப்டர். டேவிட் சில்வா என்ற சிற்பி, பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி, மூட்டுகள் அசையும் இறகுள்ள ராப்டர்களை வரிசையாகச் செய்தார். இவை எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பவை அல்ல, விலையும் அப்படித்தான்.

இறகு இருந்துவிட்டால் மட்டும் போதாது. நான் படங்களில் பார்த்த பல பொம்மைகளில் தலையில் ஒரு கொண்டையும் முழங்கையில் ஒரு குஞ்சமும் ஒட்டி, மிச்ச உடம்பைப் பல்லியாகவே விட்டிருக்கிறார்கள். தோல் உரித்த கோழிக்கு மாலை போட்டது போல இருக்கும். ராப்டர்களின் நெருங்கிய உறவினர்களின் உடம்பு முழுவதும், முகத்தின் முன்பகுதியும் பாதமும் தவிர, இறகால் மூடியிருந்ததைச் சீனக் கற்கள் காட்டுகின்றன. அடுத்த பிழை கையில். நீண்ட இறகுகள் மணிக்கட்டோடு நின்றுவிட, விரல்கள் தனியே நீட்டிக்கொண்டிருக்கும். உண்மையில் அவை மூன்று விரல்களில் நடுவிரல் வரை தொடர்ந்து வளர்ந்திருந்தன. மூன்றாவது பிழையை இறகில்லாத பொம்மையிலும் பார்க்கலாம். உள்ளங்கை நிலத்தைப் பார்த்தபடி முயல் போலக் கைகளைத் தொங்கவிட்டிருக்கும். இவற்றின் மணிக்கட்டு அப்படித் திரும்பாது. கைதட்டப் போவது போல உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடிதான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பொம்மை இந்தப் பரீட்சையிலும் சித்தியடையவில்லை.

பொம்மை செய்பவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. இறகு மெல்லியது, பிளாஸ்ரிக் அச்சு தடித்தது. மெல்லியதாக வார்த்தால் பிள்ளையின் கையில் உடையும், உடைந்த துண்டு வாய்க்குள் போகும். இரண்டு காலில் நிற்கும் உருவத்துக்குக் கனத்த சிறகு வைத்தால் முகம் குப்புற விழும். ஆகவே இறகை ஒவ்வொன்றாகக் காட்டாமல் கோட்டுக் கீறலாகக் காட்டுவதை நான் பிழையாக எடுக்கவில்லை.

இப்போது ரி.ரெக்ஸ். இங்கேதான் பலரும் மறுபக்கம் சறுக்கினார்கள். 2012 இல் யூட்டிரானஸ் என்ற விலங்கைச் சீனாவில் அறிவித்தார்கள். ரி.ரெக்ஸின் தூரத்து உறவு, சுமார் 9 மீற்றர் நீளம், ஒரு தொன்னுக்கு மேல் எடை, உடம்பில் 20 சென்ரிமீற்றர் வரை நீண்ட இழைகள். உறவுக்காரனுக்கு இருந்தால் ரி.ரெக்ஸுக்கும் இருந்திருக்கும் என்று நம்பி 2017 இல் இறகு போர்த்திய ரி.ரெக்ஸ் பொம்மையைக்கூடச் சபாரி விற்பனைக்கு விட்டது. அதே வருடம் ரி.ரெக்ஸின் கழுத்து, இடுப்பு, வால் பகுதிகளின் தோல் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை வெளிவந்தது. அந்தத் துண்டுகள் எல்லாவற்றிலும் சிறு செதில்களே இருந்தன. முதுகில் கொஞ்சம் இருந்திருக்கலாம், குஞ்சுக்குத் தூவி இருந்திருக்கலாம் என்று சொல்ல இடமுண்டு. கம்பளி போர்த்தியது போல இருந்திருக்காது. எங்கள் யானையை நினைத்துப் பாருங்கள். பாலூட்டிக்கு மயிர் உண்டு, ஆனால் வெப்ப நாட்டில் அவ்வளவு பெரிய உடம்பு அதை ஏறக்குறைய கைவிட்டுவிட்டது.

நீண்ட கழுத்துள்ள பெரும் தாவர உண்ணிகளுக்கும் கொம்புள்ள ட்ரைசெராடொப்ஸுக்கும் கிடைத்த தோல் பதிவுகள் செதிலே. அவற்றைப் பல்லித் தோலோடு விற்பதில் பிழையில்லை. ஆனால் ட்ரைசெராடொப்ஸின் சிறு உறவான சிட்டகோசோரஸின் வாலில் மயிர்க்கூச்செறிந்தது போல நீண்ட முட்கற்றை இருந்தது. சைபீரியாவில் 2014 இல் அறிவிக்கப்பட்ட குலிந்தாட்ரோமியஸ் என்ற தாவர உண்ணிக்கு ஒரே உடம்பில் செதிலும் இழையும் இருந்தன. இறகும் செதிலும் ஒன்றாக இருக்குமா என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டுக் கோழியின் காலைத் தூக்கிப் பார்க்கலாம்.

இறகுச் சான்றுகளில் என்னை அதிகம் நிறுத்தியது ஒரு அம்பர் துண்டு. மரப்பிசின் இறுகிக் கல்லானதுதான் அம்பர். மியன்மாரின் வடக்கே, கச்சின் மாநிலத் தலைநகரான மியிட்சினாவின் சந்தையில் 2015 இல் சீன ஆய்வாளர் லிடா ஷிங் அதை வாங்கினார். விற்றவர் உள்ளே இருப்பது ஏதோ செடி என்று நினைத்திருந்தார். அது சிட்டுக்குருவி அளவுள்ள ஒரு டைனோசரின் வால் துண்டு, எலும்பும் தோலும் இறகுமாக. சுமார் 9 கோடி 90 இலட்சம் ஆண்டு பழையது. மேற்பக்கம் பழுப்பு, கீழ்ப்பக்கம் வெளிறியது. தட்டையான கற்பதிவு காட்டாததை, இறகின் கிளை எப்படிப் பிரிகிறது என்பதை, இது முப்பரிமாணத்தில் காட்டியது.

அந்த அம்பர் வருவது ஹூக்கோங் பள்ளத்தாக்கிலிருந்து. கச்சின் ஆயுதக் குழுவும் மியன்மார் இராணுவமும் நெடுங்காலம் சண்டையிட்ட நிலம். ஒடுங்கிய ஆழக் குழிகளுக்குள் இறங்கி மனிதர்கள் தோண்டி எடுப்பது. 2017 யூனில் இராணுவம் உலங்குவானூர்தியிலிருந்து துண்டுப்பிரசுரங்களை வீசி, சுரங்கப் பகுதியை விட்டு மக்களை வெளியேறச் சொன்னது; ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். 2020 இல் முதுகெலும்புள்ள உயிர்களின் தொல்லுயிரியல் சங்கம் ஆய்வு இதழ்களுக்குக் கடிதம் எழுதி, அந்த மோதல் பகுதி அம்பர் பற்றிய கட்டுரைகளை நிறுத்திவைக்கும்படி கேட்டது. இதழ்களில் சில இணங்கின. வேறு ஆய்வாளர்கள், தாங்கள் வாங்காவிட்டால் அது நகையாகி உலகத்துக்கு இல்லாமல் போய்விடும் என்று எதிர்வாதம் செய்தார்கள். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் துண்டுப்பிரசுரம் எப்படியிருக்கும் என்று அறிந்தவன் என்ற முறையில் என்னால் நடுவில் நிற்க முடியவில்லை. கடிதம் எழுதியவர்கள் பக்கமே என் மனம் நிற்கிறது.

எங்கள் மண்ணில் தோண்டினால் டைனோசர் வருமா என்றும் மருமகன் கேட்டான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, டைனோசர்கள் அழிந்து பல கோடி ஆண்டுகளுக்குப் பிறகு கடலடியில் படிந்தது. கிணறு வெட்டும்போது சிப்பி வரலாம், ராப்டர் வராது. புத்தளத்துக்குப் பக்கத்தில் தப்போவவில் ஜுராசிக் காலப் படிவு உண்டு. அங்கிருந்து பெயர்பெற்றவை தாவர உயிர்ச்சுவடுகளே. கடலுக்கு அப்பால் அரியலூர் பக்கத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்திருக்கின்றன.

இவ்வளவையும் கேட்டபின் அவன் கோழிக்கூட்டடிக்குப் போய் ஒரு பிடி இறகு பொறுக்கி வந்தான். பசைக் குப்பியும் வந்தது. மணிக்கட்டில் ஒட்டத் தொடங்கினான். நடுவிரலில் இருந்து தொடங்கச் சொன்னேன். முதல் மூன்று இறகு நின்றது, நான்காவதை வைத்ததும் பொம்மை முகம் குப்புற விழுந்தது.