அன்னபேதிச் செந்தூரமும் தில்லிச் சட்டமும்: சித்த மருத்துவ நூல்களின் ஏற்பு வரலாறு

முன்னுரை

மந்தம், குன்மம், காமாலை, ஈரல் வீக்கம் முதலிய நோய்களுக்குத் தாதுப்பொருள்களால் ஆகிய மருந்துகளை நாள்தோறும் சிற்றளவில் உட்கொள்ளும் வழக்கம் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக உண்டு. இவற்றின் செய்முறைகள் ஓலைச்சுவடிகளில் செய்யுளாக வழங்கிவந்தன. அச்செய்யுள் நூல்கள், தில்லியில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் மருந்துக்குரிய சான்று நூல்களாயின. இவ்வேற்பு தமிழாய்வாளர்க்கு உணர்த்தும் பொறுப்பினை, அன்னபேதிச் செந்தூரத்தை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

அன்னபேதி

தாதுப்பொருள்களை உலோகம் 11, பாடாணம் 64, உபரசம் 120, காரசாரம் 25 எனப் பகுப்பது சித்த மருத்துவ மரபு. அன்னபேதி என்பது இரும்பும் கந்தக அமிலமும் கூடிப் பிறக்கும் பச்சைநிற உப்பு. இதனைத் தூய்மை செய்து, எலுமிச்சைச் சாற்றில் அரைத்து, வில்லையாக்கி உலர்த்தி, அகலிலிட்டுச் சீலைமண் செய்து புடமிட்டால் செந்தூரமாகும். பாண்டு, காமாலை, வீக்கம் ஆகியவற்றுக்கு இது வழங்கப்படுகிறது.

இரும்புக் குறைவால் வரும் சோகைக்கு இரும்புச் சேர்மங்கள் பயன்தரும் என்பது இன்றைய மருத்துவத்துக்கும் உடன்பாடே. ஆயின் காமாலையின் காரணங்கள் பல. அவையனைத்தும் இரும்பால் தீர்வன அல்ல. உடலில் இரும்பு மிகுந்தால் ஈரலே கெடும். எனவே அளவு என்பது இம்மருந்தின் உயிர்நிலை எனலாம்.

தில்லிச் சட்டம்

1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் தொடக்கத்தில் இந்திய மருத்துவ முறைகளின் மருந்துகளை ஒழுங்குபடுத்தவில்லை. 1964ஆம் ஆண்டுத் திருத்தமே அவற்றை உட்படுத்தியது. அத்திருத்தத்தில் சித்த மருத்துவம் தனித்து நிற்கவில்லை. ஆயுர்வேதத்தையடுத்து, 'சித்தம் உள்ளிட்ட' என அடைப்புக்குறிக்குள் இடம்பெற்றது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குறியை நீக்கி, ஆயுர்வேதம், சித்தம், யுனானி என மூன்றையும் இணையாக நிறுத்தியது. இது 1983 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள நூல்களின் முறைப்படி செய்யப்படுவதே சித்த மருந்து என்பது அதன் வரையறை. போகர் 700, புலிப்பாணி 500, அகத்தியர் பரிபூரணம் 400 முதலிய தமிழ் நூல்கள் அவ்வட்டவணையில் உள்ளன. இதனால் செய்யுள் சட்டச் சான்றாகும் நிலை உருவாயிற்று.

பாடமும் அளவும்

ஓலையில் புள்ளியிட்டெழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. காலும் ரகரமும் ஒருவடிவாக வரும். தமிழ் எண்கள் சில எழுத்துகளையே ஒத்திருக்கும். பரிபாசைப் பெயர்களோ ஒரு சொல்லுக்குப் பல பொருள் தருவன. இந்நிலையில் பாடப்பிழை எளிதில் நேரும். வராகனெடை 4.2 கிராம், பலம் 35 கிராம். ஒன்றை மற்றொன்றாகப் பதிப்பித்தால் சரக்கின் அளவு எட்டு மடங்குக்கு மேல் மாறிவிடும். இலக்கியத்தில் பாடவேறுபாடு சுவையை மாற்றும். மருத்துவ நூலிலோ உடலையே தாக்கும். தூய்மை செய்யும் முறையைக் கூறும் ஓரடி விடுபட்டாலும் விளைவு அத்தகையதே.

முடிவுரை

சித்தம் அடைப்புக்குறியிலிருந்து வெளிவந்தது தமிழுக்குக் கிடைத்த ஏற்பு என்பதில் ஐயமில்லை. ஆயின் சட்டம் நூலின் பெயரைச் சுட்டினால் மட்டும் போதாது. நூலின் பாடம் உறுதிப்படவேண்டும். பல சுவடிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த செம்பதிப்புகள் தேவை. நூற்பாடம் செம்மையானாலும் மருந்தின் பயனும் தீங்கும் ஆய்வகத்திலும் நோயாளரிடத்தும் முறையாக ஆராயப்படவேண்டும். முன்னது தமிழ்த்துறையின் கடன். பின்னது மருத்துவத்துறையின் கடன். இவ்விரண்டும் இணையும்போதே இவ்வேற்பு முழுமை பெறும்.