கோட்டைக் குன்றும் அதன் ஆறும்

ஆற்றோரத்தில் ஒரு குன்று, குன்றின்மேல் ஒரு கோட்டை, அதைச் சுற்றி வளைந்தேறும் நடைபாதைகள் என்று சொன்னவுடனே, ஆங்கிலம் பயின்ற நம்மவரின் நினைவு பிரெஞ்சு தேசத்தை நோக்கி ஓடுகின்றது. லோவார் நதிக்கரைச் சிற்றூர்களின் மாளிகைகளைப் படத்திற் கண்டு வியந்திருக்கின்றோம். நதியிற் செல்லும் படகுகளைக் கண்காணிக்கவும், சுங்கம் தண்டவும், பகைவன் வரவைத் தொலைவிலேயே அறியவும் அந்நாட்டுப் பிரபுக்கள் அத்தகைய இடங்களைத் தெரிந்தெடுத்தனர். அதே அமைப்பு, ஏறக்குறைய அதே காரணங்களுக்காக, சிராங்கூன் சாலையிலிருந்து அரைமணி நடையில் இருக்கின்றது. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகளைத் தொடர்ந்து செல்லும் ஆயிரக்கணக்கானோர், போர்ட் கானிங் என்னும் அக்குன்றின் அடிவாரத்தருகேதான் போய் நிற்கின்றனர். நிமிர்ந்து மேலே பார்ப்பவர் மிகச் சிலர்.

குன்று பெரிதன்று, உயரம் ஐம்பது மீட்டர்கூட இராது. தோட்டத்தில் பால்மரக் காட்டு மேடுகளில் ஏறி இறங்கிப் பழகிய கால்களுக்கு அது ஒரு பொருட்டேயன்று. ஆயினும் 1819-இல் ஆங்கிலேயர் இத்தீவில் இறங்கியபோது அதன்மேல் ஏற ஒருவரும் துணியவில்லை. மலாய் மக்கள் அதனை 'புக்கிட் லாராஙான்', அதாவது தடுக்கப்பட்ட குன்று என்றழைத்தனர். பண்டை அரசர்களின் மாளிகை அங்கு இருந்ததென்றும், இன்றும் மேலிருந்து முரசொலியும் பலர் கூடிக் கூவும் ஓசையும் கேட்பதுண்டென்றும் நம்பினர்.

இச்செய்தியை நமக்கு எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. இவரைத் தமிழர் அறிந்திருத்தல் வேண்டும். மலாக்காவிற் பிறந்தவர், இவருடைய முன்னோர் அரபு நாட்டினின்று நாகூர் வந்து அங்கு மணம் புரிந்து கொண்டவர். சிறுவயதில் தந்தையார் இவரைத் தமிழ் கற்க அனுப்பினார். ஏனெனில் அக்காலத்து மலாக்காவில் வணிகக் கணக்குகள் தமிழில் நடைபெற்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அம்மொழியைக் கற்பது வழக்கமாயிருந்தது. ஆங்கிலக் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணிமார்களாகிய நாம் இதனைப் படிக்கையில் சிறிது நின்று மூச்சு விடாமலிருக்க முடியவில்லை.

அப்துல்லா கூறும் நிகழ்ச்சி இது. கர்னல் பர்க்குவார் குன்றின்மேல் ஏற விரும்பினார். தெமெங்கோங்கின் ஆட்கள் அஞ்சி மறுத்தனர். அவர் மலாக்காவிலிருந்து வந்த ஆட்களைக் கொண்டு ஒரு பீரங்கியை மேலே இழுக்கச் செய்து, தாமே பன்னிரண்டு முறை சுட்டார். பின்னர்க் கொடிமரம் நாட்டப்பட்டது. அதன்பின் முரசொலி கேட்டதாக எவரும் எழுதவில்லை! பேய்க்கும் பீரங்கிக்கும் நடந்த போரில் பேய் தோற்றது என்க. எனினும் ஒன்று சொல்லுதல் நேர்மையாகும்: பல தலைமுறைகளாக அக்குன்றின் மண்ணைக் கிளறாமற் காத்தது அப்பேய்ப் பயமே. அறிவுடைய அதிகாரிகள் வந்த பின்னரே அழிவு தொடங்கிற்று.

1822-இல் கிராபோர்டு என்பார் இங்கு வந்து நடந்து பார்த்து எழுதினார். குன்றின் கீழ்ப்புறத்தில் பழைய குடிகள் பயிரிட்ட டுரியான், ரம்புத்தான், பம்ப்ளிமாஸ் மரங்கள் காடாக நின்றன. செங்கல் அடித்தளங்களும் சீனத்துச் சோங் காலத்து நாணயங்களும் கிடந்தன. அடியில் பதினாறடி அகலமுள்ள மண்மதில் ஒன்று கடற்கரையிலிருந்து குன்றை நோக்கிச் சென்றது. அம்மதிலின் புறத்தே ஓடிய சிற்றாற்றின் கரைகளில்தான் பிற்காலத்தில் இந்திய வண்ணார் துணி வெளுத்தனர். டோபி காட் என்று ரயில் நிலையத்திற்குப் பெயராய் நிற்பது அத்தொழிலே. 1928-இல் குன்றின் உச்சியில் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியபோது, சாவகப் பாணியிற் செய்த பொன் அணிகள் கிடைத்தன. 1984 முதல் ஜான் மிக்சிக் என்னும் அறிஞர் முறைப்படி அகழ்ந்து, 14-ஆம் நூற்றாண்டில் இங்கு ஓர் அரசிருக்கை இருந்ததென்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவினார்.

இனி நம்மவர் மிக விரும்பிக் கேட்கும் கேள்விக்கு வருவோம். இக்குன்றில் சோழனுக்குப் பங்குண்டா?

மலாய் அரச வரலாறான 'செஜாரா மெலாயு', சிங்கப்பூரை நிறுவிய சாங் நீல உத்தமனை 'ராஜா சூலன்' வழியினனாகக் கூறுகின்றது. அச்சூலன் சீனத்தின்மேற் படையெடுத்துத் தெமாசெக் வரை வந்தானாம். சீனத்தரசன் ஒரு கப்பல் நிறையத் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்த மரங்களையும், பல்லில்லாக் கிழவர்களையும் ஏற்றியனுப்பினான். கிழவர்கள், "யாங்கள் சீனத்தினின்று புறப்படும்போது பாலர், இவ்வூசிகள் அன்று கைப்பருமனுள்ள இரும்புப் பாளங்கள், இம்மரங்கள் வித்துக்கள்" என்றனர். சீனம் அவ்வளவு தொலைவா என்று கணக்கிட்டுச் சூலன் திரும்பிவிட்டான். கதை அழகியது, சரித்திரம் அன்று. முதல் இராசேந்திரன் 1025-இல் கடல்கடந்து வென்ற ஊர்களைத் தஞ்சைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்லுகின்றது. ஸ்ரீவிசயமும் கடாரமும் இலங்காசோகமும் அதில் உள, தெமாசெக் இல்லை.

ஆற்றின் வாயிலில் இருந்த எழுத்துப் பாறை வேறு விதமானது. 1819-இல் காடு வெட்டியவர்கள் கண்ட அப்பெருங்கல்லில் ஏறத்தாழ ஐம்பது வரிகள் பொறித்திருந்தன. மாப்பசை அப்பியும், மை தடவியும் பலர் படிக்க முயன்றதை அப்துல்லா கண்டு எழுதியிருக்கின்றார். 1843-இல் கோட்டையொன்றை விரிப்பதற்காக அதிகாரிகள் அதனை வெடி வைத்துத் தகர்த்தனர்! கர்னல் லோ என்பவர் வேண்டாமென்று மன்றாடியும் பயனில்லை. அவர் சில துண்டுகளையே காப்பாற்றினார். எஞ்சியவற்றுள் ஒன்று இன்று குன்றின் அடிவாரத்துத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. 2019-இல் இயன் சிங்கிளேர் என்னும் ஆராய்ச்சியாளர், அதில் 'கேசரிவ' என்று படிக்கத்தகும் எழுத்துக்கள் உள. அது சோழர் பட்டமாகிய பரகேசரிவர்மனின் பகுதியாயிருக்கலாம் என்றார். இருக்கலாம். துண்டுக் கல்லின் துண்டுச் சொல்லைக் கொண்டு பரணி பாடுவது நமக்கு உடன்பாடன்று.

சோழனைத் தேடும் நாம், ஐயத்திற்கிடமின்றி இக்குன்றைச் சுற்றி உழைத்த தமிழரை ஏன் தேடுவதில்லை? 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் கப்பலில் வந்திறங்கினர். அவர்களுள் சென்னை மாகாணத்தார் பலர். அரை நூற்றாண்டு அளவும் இவ்வூரின் சாலையும் பாலமும் வெட்டுவாய்க்காலும் அவர்கள் கைப்பட்டன. குன்றின் கீழே பிராஸ் பாசாவில் தங்களை அடைக்கும் சிறையையும் அவர்களே கட்டினர். அவர்களைக் காத்த காவலர்களும் அவர்களுள்ளிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டவர்.

1856-இல் அடிக்கல் நாட்டி 1862-இல் திருநிலைப்படுத்திய செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் கைவேலையே. சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் வெல்லமும் கூட்டியரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்துப் பூசி, உலர்ந்தபின் பளிங்குக் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டவர் இம்முறையை அறிவர். ஆங்கிலேயர் இதற்கு 'சுணம்' என்று பெயரிட்டதே நமது சுண்ணாம்பிலிருந்துதான்.

கோட்டையின் கதையோ சுருக்கமானது. 1859-இல், சென்னைப் பொறியாளர் படையின் காப்டன் காலியர் திட்டப்படி உச்சியை வெட்டித் தட்டையாக்கிக் கட்டத் தொடங்கினர். அக்காலத்தில் சிங்கப்பூர் கல்கத்தாவுக்கு அடங்கியிருந்தமையால், கவர்னர் ஜெனரல் கானிங் பிரபுவின் பெயர் இடப்பட்டது. அங்கிருந்த பீரங்கிகள் கடலை நோக்கிச் சுட வேண்டுமாயின் நடுவிலிருந்த ஊரின் தலைக்குமேல் சுட வேண்டும்! ஆகவே அவற்றின் பெருந்தொண்டு நாள்தோறும் நேரம் அறிவித்ததே. 1907-இல் கோட்டையை இடித்தனர். வாயிலொன்றும் மதிலின் சிறு பகுதியும் நிற்கின்றன. அதே 1859-இல் கீழே நகரத்தார் எழுப்பிய கோயில், பின்னர்ப் புதுக்கப்பெற்று இன்றும் இருக்கின்றது. பின்னொரு காலத்தில் குன்றின் வயிற்றைக் குடைந்து நிலவறை அமைத்தனர். அங்கேதான் 1942 பிப்ரவரி 15-இல் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைவதென்று முடிவு செய்தார்.

கைதிகளின் சிறை 1873-இல் மூடப்பட்டது. விடுதலை பெற்றவர்களிற் பலர் ஊர் திரும்பாது இங்கேயே தங்கி, மாடு வளர்த்தும் வண்டியோட்டியும் பிழைத்தனர். அவர்கள் பெயர் தாங்கிய தெரு ஒன்றும் குன்றைச் சுற்றி இல்லை. காலியருடைய பெயர் கடற்கரையில் இருக்கின்றது.