சரபோஜியின் கண் ஓவியங்கள்

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் ஓலைச்சுவடிகள் உலகறிந்தவை. அதே நூலகத்தில் 44 கண் நோயாளிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தாள்களும் இருக்கின்றன. கூடவே 18 கண் ஓவியங்கள். இவற்றைத் தயாரிக்கச் செய்தவர் மன்னர் இரண்டாம் சரபோஜி.

1799-இல் போட்ட ஒப்பந்தத்தால் தஞ்சை நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டது. 22 வயது மன்னரிடம் மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்ச நிலமும்தான். பாதிரியார் ஸ்வார்ட்ஸிடம் வளர்ந்த அவர், நூல்கள் சேர்த்தார். தன்வந்திரி மகாலை நடத்தினார். அங்கே சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில வைத்தியம் எல்லாம் ஒரு கூரையின்கீழ் நடந்தன. அனுபவத்தில் தேறிய மருந்து முறைகள் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற பெயரில் தமிழ்ப் பாட்டாகவே தொகுக்கப்பட்டன.

நோயாளிக் குறிப்புக்குப் படம் எதற்கு? ‘கருவிழியில் வெள்ளை விழுந்திருக்கிறது’ என்று எழுதினால் அது எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக, கண்பாப்பாவை மறைக்கிறதா என்பதெல்லாம் தெரியாது. ஒளிப்படக் கலை 1839-இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சரபோஜி 1832-லேயே இறந்துவிட்டார். ஆக, தூரிகை பிடித்தவரை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

தஞ்சை ஓவியத்தில் தெய்வத்துக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். அது குறையே இல்லாத கண். தன்வந்திரி மகாலுக்கு வேண்டியதோ சிவந்து, வீங்கி, புரை விழுந்த கண்; அதுவும் யாரோ ஓர் ஏழையின் கண். அழகுபடுத்திவிட்டால் படம் பொய்யாகிவிடும். குறையைக் குறையாகவே, இருக்கும் இடத்தில் இருக்கும் அளவில் வரைய ஓவியன் பழகியதைத்தான் இந்தத் தாள்களின் பெரிய செய்தியாக நான் கருதுகிறேன். நூலக அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பிரெஞ்சு ஓவியர் சார்லஸ் லெ பிரன், மனித முகங்களை விலங்கு முகங்களோடு ஒப்பிட்டு வரைந்த படங்களையும் பார்க்கலாம். உடலைப் படித்தறிய ஓவியம் உதவும் என்ற நம்பிக்கை அந்த அரண்மனையில் நன்றாகவே வேரூன்றியிருந்தது.

தஞ்சை ஓவியர்களால் கண்ணின் வெளிப்பக்கத்தை மட்டுமே வரைய முடிந்தது. உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் பார்க்க வழிசெய்த கருவியை ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் வெளியிட்டார். விழித்திரையைப் புகைப்படமாக எடுக்க 1886 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று ஓ.சி.டி. ஸ்கேன் விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டுகிறது. அந்தப் படத்தின் சிவப்பும் மஞ்சளும் நீலமும் கண்ணுக்குள் இருக்கும் நிறங்கள் அல்ல. ஒளி அதிகமாகத் திரும்பும் இடத்துக்கு ஒரு நிறம், குறைவான இடத்துக்கு இன்னொன்று என்று மனிதர்கள் தேர்ந்து வைத்தவை.

இவ்வளவு வந்த பிறகும் கையால் வரைவது நிற்கவில்லை. விழித்திரை பிரிந்தால் பார்வை போனதுதான் என்றிருந்த காலத்தில், சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனின் ஒவ்வொரு நோயாளியின் விழித்திரையையும் பொறுமையாக வரைந்து, கிழிசல் எங்கே என்று கண்டுபிடித்து, அதை அடைத்துக் குணப்படுத்தினார். அந்தப் பழக்கம் நம் ஊர்க் கண் மருத்துவமனைகளிலும் தொடர்கிறது. திருத்தணிப் பக்கத்து ஆர்.கே.பேட்டை நெசவாளர்கள் புட்டா என்னும் பூவுருவைத் தறியில் ஏற்றுமுன் கட்டம் போட்ட தாளில் வண்ணமிட்டுப் பார்ப்பது போல, பயிற்சி மருத்துவர்கள் வட்டம் அச்சிட்ட தாளில் வண்ணப் பென்சிலால் விழித்திரையை வரைகிறார்கள். பிரிந்த விழித்திரைக்கு நீலம், பிரியாததற்குச் சிவப்பு, கசிந்து உறைந்த கொழுப்புக்கு மஞ்சள். கிழிசல் என்றால் நீல விளிம்புக்குள் சிவப்பு.

நெசவாளருக்குக் கண் போனால் பிழைப்பே போச்சு. சர்க்கரை நோய் முற்றிக் கண்ணைத் தாக்க, திருத்தணியில் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறவரை மருத்துவர் நாற்காலியில் சாய்த்துப் படுக்கவைக்கிறார். தலையில் மாட்டிய விளக்கோடும் கையிலுள்ள வில்லையோடும் பார்க்கும்போது விழித்திரை தலைகீழாக, இடவலம் மாறித் தெரியும். அதனால் தாளையும் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு, கண்ட இடத்தில் கண்டபடியே வரைகிறார். நிமிர்த்திப் பார்த்தால் படம் சரியாக இருக்கும்.