புது ஜெர்சியில் குறுக்குக் கோடு: சாயத்தைத் திட்டும் முன் நூலின் 'டென்ஷனை'க் கேளுங்கள்

ஷா ஆலமில் உங்கள் ஃபுட்சால் குழுவுக்கு ஜெர்சி அடிக்கக் கொடுத்திருக்கிறீர்களா? வந்து சேர்ந்ததும் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். சில துணிகளில் குறுக்கே மங்கலான கோடுகள் ஒரே இடைவெளியில் ஓடும். சாயம் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டத் தோன்றும். பல நேரங்களில் காரணம் சாயம் இல்லை. துணியைப் பின்னும்போது நூல் எவ்வளவு இறுக்கமாகப் போனது என்பதுதான். இதை இழுவிசை என்பார்கள். ஆலையில் 'டென்ஷன்' என்றால் போதும்.

90 நூலில் ஒன்று இறுகினால்?

ஜெர்சித் துணி நெய்யப்படுவதில்லை, வளையம் வளையமாகப் பின்னப்படுகிறது. 30 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 ஊசியும் உள்ள வட்டப் பின்னல் இயந்திரத்தில் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். சுற்றிலும் 90 ஃபீடர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஃபீடரும் ஒரு கோனிலிருந்து வரும் நூலை ஊசிகளுக்குக் கொடுக்கும். இயந்திரம் ஒரு முறை சுற்றினால் 90 வரிசை பின்னல் தயார்.

அதில் ஒரே ஒரு ஃபீடரில் நூல் இறுகினால், அந்த வரிசையின் வளையங்கள் மட்டும் சிறுத்துவிடும். ஒரு செ.மீ.க்கு 20 வரிசை உள்ள துணியில் அந்தக் கோடு 4.5 செ.மீ.க்கு ஒரு முறை திரும்ப வரும். ஒரு வளையத்துக்குச் செலவாகும் நூல் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு வித்தியாசம் வந்தாலே, ஒரே நிறத் துணியில் கண் கண்டுபிடித்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், டென்ஷன் அதிகமானால் ஊசி கோனிலிருந்து நூலை இழுக்காது. பக்கத்தில் இப்போதுதான் உருவான வளையத்திலிருந்து திருடிக்கொள்ளும்! அது ஊசிக்குச் சுலபம்.

20 சென் எடைதான்

ஜெர்சிக்கு அதிகம் பயன்படுவது 75 டெனியர் பாலியெஸ்டர் நூல். அதாவது 9,000 மீட்டர் நூலின் எடையே 75 கிராம்தான். இவ்வளவு மெல்லிய நூலுக்குச் சில கிராம் இழுவிசை போதும். உங்கள் பையில் உள்ள ஒரு 20 சென் நாணயத்தின் எடையை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான்.

இந்த அளவு எப்படிக் கெடுகிறது? கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் கயிற்றை இரும்புக் கட்டையில் சுற்றிவிட்டால், ஒரே ஆள் கப்பலைப் பிடித்து நிறுத்திவிடலாம். நூலுக்கும் அதே கணக்கு. உராய்வு எண் 0.3 என்றால், வழியில் ஒரு கம்பியை அரைச்சுற்று சுற்றிப் போனாலே டென்ஷன் இரண்டரை மடங்காகும். தேய்ந்த பீங்கான் வளையமோ, நூலில் எண்ணெய்ப் பூச்சு குறைந்திருப்பதோ, ஃபீடர் சக்கரத்தை ஓட்டும் பெல்ட் வழுக்குவதோ போதும், கணக்கு தப்பிவிடும்.

நூல் அறுந்தால் இயந்திரம் தானே நின்று விளக்கு எரியும். கொஞ்சம் இறுகினால்? நிற்காது. நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால் ஒரு மீட்டருக்கு மேல் துணி இறங்கும். யாரும் கவனிக்காத பத்து நிமிடத்தில் 11 மீட்டர் போச்சு. அதனால்தான் ஆலையில் கைக்கருவியோடு ஒவ்வொரு ஃபீடராக டென்ஷன் பார்ப்பார்கள்.

பாலியெஸ்டரில் ஏன் பெரிய பிரச்சினை?

பருத்திப் பின்னலில் சின்ன ஏற்றத்தாழ்வு துவைக்கத் துவைக்க ஓரளவு தளரும். பாலியெஸ்டர் அப்படியல்ல. ஜெர்சி நூல் ஸ்பிரிங் போலச் சுருளாக்கப்பட்டது. டென்ஷனில் சுருள் விரிந்தால் அந்த வரிசை ஒளியை வேறு மாதிரி காட்டும். பிறகு சுமார் 130 டிகிரி செல்சியஸில் சாயமேற்றி, அதைவிட அதிகச் சூட்டில் துணியை நிலைப்படுத்துவார்கள். பாலியெஸ்டர் ஒரு பிளாஸ்டிக்தானே, சூட்டில் எடுத்த வடிவத்தை விடாது. தப்பும் அதோடு சேர்ந்து பதிந்துவிடும். பின்னும்போது பிடிக்காவிட்டால் அவ்வளவுதான்.

இந்த நூல் நமக்குத் தூரத்துச் சரக்கும் அல்ல. பாலியெஸ்டர் தயாரித்த ஹுவாலோன் நிறுவனத்தின் மலேசிய ஆலைகளை 2007-இல் இந்தியாவின் ரிலையன்ஸ் வாங்கி, ரெக்ரோன் மலேசியா என்று பெயரிட்டது. அவற்றில் ஒன்று ஷா ஆலமிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில், நீலாயில் இருந்தது.

ஆர்டர் கொடுக்கும்போது

குறுக்கே, சம இடைவெளியில் கோடு வந்தால் ஃபீடரையும் நூலையும் சந்தேகப்படுங்கள். மேலிருந்து கீழாக ஒரே கோடு ஓடினால் அது பெரும்பாலும் ஊசியின் கோளாறு. படம் அச்சிட்ட ஜெர்சியில் இதெல்லாம் மறைந்துகொள்ளும். ஒரே நிறத்தில், அதுவும் கருநீலம் மாதிரி அடர்நிறத்தில் அடிப்பதாக இருந்தால், துணியை வெட்டும் முன்பே ஒரு மீட்டரை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். கடை விளக்கில் வேண்டாம், வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பாருங்கள்.