ஒரகடம் பக்கம் ஒரு மனை

ஸ்ரீபெரும்புதூர்னா எங்க தாத்தாவுக்கு ராமானுஜர் அவதரிச்ச ஊர். எங்க தலைமுறைக்கு 1991 மே 21. எனக்கு அடுத்து வந்தவங்களுக்கு? 'மனைகள் விற்பனைக்கு' போர்டு!

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. 2006-ல் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். சிப்காட் வேலிக்கு வெளியே கிடந்த வயலெல்லாம் கல் நட்டு 'நகர்' ஆச்சு.

அந்த 2010-ல்தான் நானும் இறங்கினேன். ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர், ஞாயித்துக்கிழமை, புரமோட்டர் வேன், ஓசி பிரியாணி. பக்கத்து பக்கத்து மனைக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. 'பஞ்சாயத்து அப்ரூவல் சார்'னாங்க, தலையாட்டினோம். அவன் பார்த்திருப்பான்னு நானும், நான் பார்த்திருப்பேன்னு அவனும்! பத்திரத்தை யாருமே படிக்கலை.

2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடிச்சு. ஆனா எங்களைக் கவுத்தது அது இல்லை. ஆலையைப் பின்னாடி சால்காம்ப் வாங்கிடுச்சு. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு பாருங்க, அதுதான். பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு விக்கப் போன எனக்கு அப்பத்தான் உறைச்சுது: ஊராட்சித் தலைவர் கையெழுத்து லேஅவுட் அங்கீகாரம் ஆகாது, டிடிசிபி வேணும்! ஃபீஸ் கடன் வாங்கிக் கட்டினேன். 2017 மே மாசம் அரசு வரன்முறை விதிகள் கொண்டுவந்த பிறகு, கட்டணம் கட்டி மனையை மீட்டேன்.

இடம் வாங்கக் கூட்டாளி வேணும்தான் மக்களே. ஆனா எல்லாரும் ஒரே வேன்ல வந்தவங்களா இருக்கக் கூடாது. தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா மூணையும் பார்த்துட்டு 'வேணாம்டா'ன்னு சொல்ற ஒருத்தராவது இருக்கணும்.

டிஸ்கி: பிரியாணி நல்லாத்தான் இருந்துச்சு.